விமானக் கதவுக்குக் கண்ணாடி மாற்றியது: மூன்றாவது தகடுதான் நின்றது

போன ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் பறந்துவிட்டு இறங்கி, வலது கதவில் டார்ச் அடித்து, பதினாறு ஸ்க்ரூ ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முடி அளவு கீறல் இருந்தாலும் வெள்ளி மாதிரி மின்னும். ஒன்றும் மின்னவில்லை. ஆகஸ்டில் ஆரம்பித்த வேலை இது. இடையில் இரண்டு தகடுகளை உடைத்தாயிற்று. மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விமானத்தைப் பற்றி முதலில். இரண்டு பேர் உட்காரலாம், இறக்கை தலைக்கு மேலே, ஸ்டீல் குழாய் உடம்புக்குத் துணி போர்த்தியது, ரோட்டாக்ஸ் 912 எஞ்சின். யாரோ ஒரு பெரியவர் தன் வீட்டுக் கராஜில் கட்டியதை நானும் நண்பனும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஊரில் பங்காளி என்றால் வரப்புத் தகராறு ஞாபகம் வரும். ஒஹாயோவில் எங்களுக்கு ஒரு ஹேங்கரும் (விமானம் நிறுத்தும் கொட்டகை) ஒரு விமானமும்தான் வரப்பு. அவனைப் பங்காளி என்றே இங்கேயும் சொல்கிறேன்.

வீட்டில் கட்டிய விமானம் என்பதால் கதவுக் கண்ணாடிக்கு (கண்ணாடி என்று சொன்னாலும் பிளாஸ்டிக் தகடுதான்) எந்த பிளாஸ்டிக்கைப் போடுவது, யார் போடுவது என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. பக்கத்து ஹேங்கரில் நிற்கும் செஸ்னா 150 போன்ற தொழிற்சாலை விமானத்துக்கு அப்படி இல்லை. அமெரிக்க விமான விதிகளில் பாகம் 43-ன் இணைப்பு ‘ஏ’, சொந்தக்கார பைலட்டே செய்துகொள்ளக்கூடிய சில்லறை வேலைகளைச் சொல்கிறது. அதில் பக்கவாட்டு ஜன்னல் உண்டு, விமானத்தின் கட்டமைப்பையும் கண்ட்ரோல்களையும் தொடாதவரை. முன் கண்ணாடி கிடையாது. பக்க ஜன்னலுக்கும் கடையில் கிடைத்ததை வெட்டி ஒட்ட முடியாது, அங்கீகாரம் பெற்ற பொருள் வேண்டும். அதனால் கீழே நான் செய்த கூத்தை செஸ்னாக்காரர்கள் அப்படியே செய்ய வேண்டாம்.

ஆகஸ்டில் நடந்தது இது. நாங்கள் கார் பெட்ரோல்தான் போடுகிறோம். ஐந்து கேலன் கேனோடு ஏணியில் ஏறி, புனல் வைத்து, இறக்கையில் ஊற்றுவோம். அன்றைக்குப் புனல் சரிந்தது. ஒரு டம்ளர் அளவுதான் இருக்கும், இறக்கையின் ஓரத்தில் வழிந்து வலது கதவுக் கண்ணாடியில் இறங்கியது. பங்காளி உடனே துணியால் துடைத்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போதே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. மூன்று ஸ்க்ரூ ஓட்டைகளிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை சிலந்தி வலை.

‘சுத்தியால் அடித்தாலும் உடையாத பிளாஸ்டிக்’ என்று விமானத்தை விற்றவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. உடைந்த துண்டைத் தரையில் வைத்து நானே சுத்தியால் அடித்துப் பார்த்தேன். உடையவில்லை, குழி விழுந்தது.

அது என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். விரல் அளவு துண்டை இடுக்கியில் பிடித்து, வெளியே காற்றில் நின்று கொளுத்தினேன். கரும்புகை விட்டு, கரியாகி, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிட்டது. அப்படியென்றால் பாலிகார்பனேட், லெக்ஸான், மேக்ரோலான் என்ற பெயர்களில் விற்பது. அக்ரிலிக் என்றால் (பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ்) சடசடவென்று தொடர்ந்து எரியும், பழவாசனை மாதிரி ஒன்று வரும்.

முதல் தகடு. இங்கே என் அவசரம்தான் முழுக் காரணம். பாலிகார்பனேட் பெட்ரோலுக்கு ஆகாது, சரி, அக்ரிலிக் போடுவோம் என்று வீட்டுச் சாமான் கடையில் எட்டில் ஒரு பங்கு அங்குலத் தகடு ஒன்றை வாங்கினேன். 3.2 மில்லிமீட்டர், 28 டாலர். பழைய கண்ணாடியை மேலே வைத்து அப்படியே பென்சிலால் சுற்றி வரைந்தேன். ஜிக்சாவால் வெட்ட ஆரம்பித்தால் பிளேடுக்குப் பின்னாலேயே பிளாஸ்டிக் உருகித் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. ஒரு அடி வெட்டி பிளேடை எடுத்தால் வெட்டியதே தெரியவில்லை! பல் பெரிய பிளேடு போட்டு, வேகத்தைக் குறைத்து, தண்ணீர் தெளித்து ஒருவழியாக முடித்தேன்.

ஓட்டை போடும்போதுதான் வினை. இரும்புக்குப் போடும் சாதாரண ட்ரில் பிட், கீழே மரக்கட்டை எதுவும் வைக்கவில்லை. நான்காவது ஓட்டையில் பிட் மறுபக்கம் வெளியே வரும்போது தகட்டைக் கவ்வித் தூக்கியது, ஓரம் பெயர்ந்தது. பரவாயில்லை, ரப்பருக்குள் மறைந்துவிடும் என்று தொடர்ந்தேன். பதினோராவது ஓட்டையில் விளிம்பு வரைக்கும் ஒரே விரிசல்.

எங்கள் விமானத்தளத்தில் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், காலையில் காபி டம்ளரோடு ஒவ்வொரு ஹேங்கராக எட்டிப் பார்ப்பார். என் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “இது எக்ஸ்ட்ரூட் பண்ணின சரக்கு. காஸ்ட் தகடு வாங்கியிருக்கணும்” என்றார். அதுவரை அக்ரிலிக்கில் இரண்டு ஜாதி உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அச்சு வழியாகப் பிதுக்கி எடுப்பது எக்ஸ்ட்ரூடட். மலிவு, சீக்கிரம் உருகும், உள்ளுக்குள் இழுவிசை தங்கியிருக்கும். இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி இறுக வைப்பது காஸ்ட். விமானத்துக்கு எப்போதுமே காஸ்ட்தான். தொழிற்சாலை விமானங்களுக்கான அக்ரிலிக்கில் மில்-பி-5425 என்ற பழைய ராணுவத் தர எண்ணைப் பார்க்கலாம். அதைவிட உசத்தியாக, கரைப்பான்களை இன்னும் தாங்கும்படி மூலக்கூறுகளைக் குறுக்காகப் பின்னியது மில்-பி-8184. எங்கள் மாதிரி மணிக்கு 80 மைல் வண்டிக்கு அது அதிகப்படி.

இன்னொன்றையும் அவர் காட்டினார். பழைய கண்ணாடியில் ஓட்டையின் மையம் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் இருந்தது. நான் அந்தத் தப்பையும் சேர்த்து வரைந்திருந்தேன். ஓட்டையின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது விளிம்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டுமாம்.

அடுத்த தகட்டுக்குக் காசு போடுவதற்கு முன்னால், இந்த முறை கொஞ்சம் பொறுமையாக இருந்தேன். உடைந்த பாலிகார்பனேட், உடைந்த கடை அக்ரிலிக், பிளாஸ்டிக் வியாபாரியிடம் இலவசமாகக் கேட்டு வாங்கிய காஸ்ட் துண்டு மூன்றிலிருந்தும் ஒரு அங்குல அகலம், பத்து அங்குல நீளத்தில் பட்டைகள் வெட்டினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு. ஒன்றைத் தட்டையாக வைத்தேன். இன்னொன்றை பிளைவுட்டில் வெட்டிய வளைவின்மேல் அழுத்தி இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டேன். வளைவின் உச்சியில் பெட்ரோலில் நனைத்த பஞ்சை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹேங்கர் கதவு திறந்திருந்தது, தீயணைப்பான் பக்கத்தில்.

வளைந்த பாலிகார்பனேட் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. முதலில் பஞ்சைச் சுற்றி மூச்சுக்காற்று பட்ட மாதிரி மங்கியது. பிறகு குறுக்காக நாலைந்து கோடுகள், பிறகு அதே ‘டிக்’. கிளாம்ப்பைத் தொட்டதும் இரண்டாகிவிட்டது. சுத்திக்கு அசையாத பொருள்! தட்டையாக வைத்ததில் லேசான மங்கல் மட்டும். எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. பெட்ரோல் மட்டும் கெடுக்கவில்லை, இழுவிசை மட்டும் கெடுக்கவில்லை, இரண்டும் சேர்ந்தால் சீட்டு கிழிந்தது. பழைய கண்ணாடி ஸ்க்ரூவால் இறுக்கிய இடங்களில் மட்டும் ஏன் வெடித்தது என்பதும் தெரிந்தது.

வளைந்த கடை அக்ரிலிக்கில் சில நிமிடங்களில் வெள்ளி மயிர் போலக் கோடுகள் வந்தன. காஸ்ட்டில் அது வர வெகுநேரம் ஆனது, வந்ததும் கொஞ்சம்தான். தட்டையான காஸ்ட் பட்டையைப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் எதுவும் இல்லை. அதற்காக அக்ரிலிக்கைப் பெட்ரோலில் கழுவலாம் என்று அர்த்தமில்லை. பெட்ரோல், தின்னர், அசிட்டோன், வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அமோனியா ஸ்ப்ரே எல்லாமே இதற்கு விஷம்தான். வளைக்காமல், இறுக்காமல் இருந்தால் ஒரு சிந்தலைத் தாங்கும், அவ்வளவுதான். கதவுக் கண்ணாடி தட்டையானது. அதனால் காஸ்ட் என்று முடிவானது.

இரண்டாவது தகடு: 24-க்கு 48 அங்குலம், காஸ்ட், 64 டாலர். ஜன்னல் 20-க்கு 22, ஆகவே ஒன்றில் இரண்டு வரும். அப்போது சிக்கனம் என்று நினைத்தேன். பிற்பாடு அதுதான் காப்பாற்றியது. நேர்க்கோடுகளை வெட்ட ரம்பம் வேண்டாம். கொக்கி மாதிரி முனையுள்ள கீறு கத்தியால் ஏழெட்டுத் தடவை ஸ்கேல் வைத்து இழுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் கடலை மிட்டாய் மாதிரி நேராக உடைகிறது. ஓரத்தை 120, 220, 320 எமரித் தாள்களால் தேய்த்தேன். இதில் கஞ்சத்தனம் கூடாது, ஓரத்தில் விட்ட ஒவ்வொரு பல்லும் ஒரு விரிசலுக்கு வித்து.

பிட்டையும் மாற்றினேன். பிளாஸ்டிக்குக்கென்றே முனை கூர்மையாக, 60 டிகிரியில் தீட்டிய பிட் வருகிறது. அதன் வெட்டு விளிம்பு கவ்வாமல் சுரண்டும். கீழே மரக்கட்டை, மெதுவான வேகம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சுருள் சுருளாக அழகாக வந்தது. பதினாறு ஓட்டைகளும் சேதமில்லாமல் முடிந்தபோது பங்காளிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். திருஷ்டி பட்டிருக்க வேண்டும்.

பொருத்தியது நவம்பரில் ஒரு சாயங்காலம். ஹேங்கருக்குள் 42 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 6 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஓட்டைகளை ஸ்க்ரூவுக்குக் கச்சிதமாகப் போட்டிருந்தேன், ‘ஆட்டம் இருக்கக் கூடாது’ என்ற தச்சு புத்தி. போதாததற்குப் பழைய ஸ்க்ரூக்களையே போட்டேன், தலை கூம்பாக உள்ளே இறங்குபவை. பேட்டரி ட்ரைவரால் ‘டர்ர்’ என்று ஒரே இழு. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து, இரவில் 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிய மறுநாள், இரண்டு மூலைகளில் நட்சத்திரம்.

மெக்கானிக் பெரியவர் காபியோடு வந்தார். எதுவும் சொல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, அதன் கூம்புத் தலையை என் உள்ளங்கையில் வைத்து, “இது ஸ்க்ரூ இல்லை, மரம் பிளக்கிற ஆப்பு” என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அக்ரிலிக் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். கதவுச் சட்டம் அலுமினியம், அது 0.023தான். 22 அங்குலம் என்றால் 560 மில்லிமீட்டர். கோடை வெயிலில் நிற்கும் விமானத்துக்கும் ஜனவரி இரவுக்கும் 50 டிகிரி வித்தியாசம் சாதாரணம். கண்ணாடி 2 மில்லிமீட்டர் நகரப் பார்க்கும், சட்டம் 0.6தான் நகரும். மிச்சம் 1.4 மில்லிமீட்டர் எங்கே போகும்? ஓட்டையில் இடமில்லாவிட்டால் விரிசலாகத்தான் போகும். எஃப்ஏஏ-வின் (அமெரிக்க அரசின் விமானத் துறை) ஏசி 43.13 கையேட்டில் இதைப் பச்சையாகவே எழுதியிருக்கிறார்கள்: பிளாஸ்டிக்கில் ஓட்டையை எட்டில் ஒரு பங்கு அங்குலம் பெரிதாகப் போடு, தகட்டைச் சட்டத்துக்காகப் பலவந்தமாக வளைக்காதே. அந்தக் கையேடு என் அலமாரியில் இரண்டு வருஷமாக இருந்தது.

மூன்றாவது. மிச்சமிருந்த பாதித் தகட்டை ஹேங்கருக்குக் கொண்டுபோகவே இல்லை. வீட்டு அடித்தளத்தில், ஹீட்டர் பக்கத்தில் ஒரு இரவு வைத்து, நன்றாகச் சூடேறியபின் வெட்டினேன். குளிர்ந்த அக்ரிலிக் அப்பளம், வெதுவெதுப்பான அக்ரிலிக் பரவாயில்லை. ஓட்டை கால் அங்குலம், ஸ்க்ரூ ஆறாம் நம்பர், அதாவது 3.5 மில்லிமீட்டர். சுற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் இடம் கிடைத்தது. ஓட்டையின் மையத்தை விளிம்பிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் போட்டேன். அதற்காகத் தகட்டை எல்லாப் பக்கமும் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, சட்டத்தில் புது ஓட்டைகள் போட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மென்மையான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன், ஸ்க்ரூ மரை அக்ரிலிக்கைத் தொடாதபடி. தலை தட்டையாக உட்காரும் அகலத் தலை ஸ்க்ரூ, கீழே ரப்பர் வாஷர். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இபிடிஎம் ரப்பர் பட்டை. முன்பு இருந்தது மென்மையான பிவிசி ஓரப்பட்டை. பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான சரக்கு நாளாவட்டத்தில் கசிந்து பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். பழைய கண்ணாடியின் ஓரம் முழுக்க மங்கிப்போயிருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இறுக்குவதுதான் மனசுக்குக் கஷ்டம். லாக் நட்டைக் கையால் பிடிப்பு தெரியும் வரை இறுக்கி, பிறகு ஒரு முழுச் சுற்று திருப்பித் தளர்த்தச் சொன்னார் பெரியவர். தளர்த்திய ஸ்க்ரூவோடு விமானத்தில் பறப்பதா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. லாக் நட் என்பதால் கழன்று வராது. ரப்பர் பட்டை கண்ணாடியை ஏந்திக்கொள்ளும். கதவைத் தட்டினால் முன்பு டங் என்று கேட்ட சத்தம் இப்போது டொப் என்று கேட்கிறது. குளிர்காலம் முழுதும் அப்படியே நின்றது.

இதற்கிடையில் தலைக்கு மேலே உள்ள கூரை ஜன்னலும் மஞ்சளித்துப் போயிருந்ததால் அதையும் எடுத்துக்கொண்டோம். இங்கே அக்ரிலிக் ஆகாது. கூரை 16 அங்குல ஆரத்தில் வளைகிறது. சூடாக்காமல் வளைப்பதென்றால் அக்ரிலிக்குக்குத் தடிமனைப் போல 180 மடங்கு ஆரமாவது வேண்டும். நம் தகட்டுக்கு அது இருபத்திரண்டரை அங்குலம். பாலிகார்பனேட்டுக்கு 100 மடங்கு போதும், பன்னிரண்டரை அங்குலம். ஆகவே எந்த பிளாஸ்டிக்கைத் திட்டினோமோ அதையே 70 டாலர் கொடுத்து வாங்கினோம்.

வளைவில் சும்மா உட்காரட்டும் என்று மூலையை ஹீட் கன்னால் சூடாக்கியது பங்காளி. உள்ளே கொப்புளம் கொப்புளமாக, சோடா மாதிரி பொங்கிவிட்டது. பாலிகார்பனேட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதை அடுப்பில் பல மணி நேரம் உலர்த்தாமல் சூடாக்கினால் இப்படித்தான். நல்லவேளை, வெட்டி எறிய வேண்டிய ஓரத்தில்தான் செய்தான். என் பங்குக்கு நான் செய்தது: இந்தத் தகட்டில் ஒரு பக்கம் மட்டுமே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு. எந்தப் பக்கம் வெளியே என்று காகித உறையில் அச்சடித்திருந்தது. ஓட்டை போடும் ஆசையில் இரண்டு உறைகளையும் உரித்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றன. குப்பைக்கூடையைக் கவிழ்த்து, காகிதத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கிளாம்ப்பின் தடத்தையும் தகட்டில் இருந்த கீறலையும் பொருத்திப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தோம்.

செலவு: முதல் தகடு 28, காஸ்ட் 64, பாலிகார்பனேட் 70, இரண்டு பிட்கள் 22, ஸ்க்ரூ, வாஷர், குழாய், ரப்பர் பட்டை எல்லாம் சேர்ந்து 41. மொத்தம் 225 டாலர். தெரிந்தே செய்திருந்தால் 28 போயிருக்காது, ஒரு பிட் போதும். இரண்டாவது பாதித் தகடும் இடது கதவுக்கு மிஞ்சியிருக்கும்.

அடுத்த தடவை முதலில் அட்டையில் வெட்டிச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பேன், பழைய கண்ணாடியைப் பார்த்து வரைய மாட்டேன். உறைகளை உரிப்பதற்கு முன் ‘வெளியே’ என்று மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். ஓட்டை போட்ட தகட்டை 80 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து, அடுப்புக்குள்ளேயே மெதுவாக ஆறவிட்டால் உள்ளே தங்கிய இழுவிசை போய்விடும். அதையும் செய்ய ஆசைதான். சோதனைப் பட்டைகளை எங்கள் வீட்டு அடுப்பில் அப்படிச் செய்தேன். ஜன்னல் அதற்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் மனைவி விட்டிருக்க மாட்டாள், பட்டைகளுக்கே இரண்டு நாள் பேச்சு கேட்டேன்.

பெட்ரோல் போடும் முறையையும் மாற்றினோம். புனலுக்குப் பதில் கைப்பம்பு, 35 டாலர். ஏணியில் ஏறுவதற்கு முன் வலது கதவின் மேலும் கூரை ஜன்னலின் மேலும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த தடித்த துண்டு. கண்ணாடியைத் துடைக்கும் துணியில் பெட்ரோல் துடைக்கக் கூடாதென்று துணிகளுக்கு நிறம் பிரித்துவிட்டோம்: நீலம் கண்ணாடிக்கு, சிவப்பு எஞ்சினுக்கு. கண்ணாடிக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். முதலில் தண்ணீரை வழியவிட்டு வெறுங்கையால் தூசியைத் தள்ளிவிட்டுத்தான் துணி. மோதிரத்தைக் கழற்றிவிட்டு.

இடது கதவில் இன்னும் பழைய பாலிகார்பனேட்தான். அதைத் தானே செய்வதாகப் பங்காளி சொல்லிக்கொண்டிருக்கிறான். புதுக் காஸ்ட் தகடு எங்கள் வீட்டு அடித்தளத்தில் ஹீட்டர் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது, உறை உரிக்காமல். ஹீட் கன்னை மட்டும் நான் என் கார் டிக்கியில் வைத்திருக்கிறேன்.